ஷை பிரதிவாதி

அந்த அம்மா கைநாட்டு வைத்திருந்தால் வழக்கு சீக்கிரம் முடிந்திருக்கும். கையெழுத்துப் போட்டிருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

எழுத்தறியாதவரின் பெருவிரல் ரேகை ஒரு ஆவணத்தில் இருந்தால், அதைப் படித்துக் காட்டி விளக்கிய பிறகே ரேகை வாங்கினோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு, அந்த ஆவணத்தை வைத்துப் பலன் கேட்பவர் தலையில் விழும். கையெழுத்து என்றால் கதை வேறு. போட்டவர் உள்ளே இருப்பதைத் தெரிந்துதான் போட்டார் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கும் படிப்புக்கும் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய சங்கதி. உத்திரமேரூர் வட்டத்தில், திருமுக்கூடலுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கடைக்காரர் இரும்பு பீரோ, பெயின்ட், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து படிக்கத் தாழ்வான மேசைகள் கொடுத்திருந்தார். முப்பதாயிரத்துச் சொச்சம் பாக்கி. அந்தக் காலத்தில் அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்குப் பள்ளி மானியம் 5,000 ரூபாய். சிறிய பள்ளி என்றால் பராமரிப்புக்கு இன்னொரு 5,000. முப்பதாயிரத்துக்குப் பொருள் எடுத்தால் பாக்கி நிற்காமல் என்ன செய்யும்? கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். முதல் பிரதிவாதி, அதற்குள் மாறுதலாகிப் போயிருந்த தலைமையாசிரியர். இரண்டாம் பிரதிவாதி, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். வாதி தரப்பின் முதல் ஆவணம், "பொருள்களைக் கடனுக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்ற குழுத் தீர்மானத்தின் நகல். அதன் அடியில் கோணல்மாணலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அந்த அம்மாவின் பெயர்.

சம்மனை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வக்கீலான என்னிடம் வந்தார். செங்கல் சூளை, நடவு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்பவர். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது சிமிலி விளக்கில் உட்கார்ந்து தன் பெயரை மட்டும் போடக் கற்றவர். அடுத்த பாடத்துக்குள் கல்யாணமாகிவிட்டது.

"கூட்டம் நடந்துச்சாம்மா?" என்றேன்.

"கூட்டமா? நோட்டு வூட்டுக்கு வரும் சார். எம் பொண்ணுதான் பையில வெச்சி எடுத்தாரும். டீச்சர் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க. அங்க போட்டு அனுப்பிடுவேன்."

"பொண்ணு எத்தனாவது?"

"மூணாவது."

"அவ படிச்சுச் சொல்லலையா, என்ன எழுதியிருக்குன்னு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுக்கும் வரலீங்க சார்" என்றார்.

வழக்கின் வேர் இந்தப் பதிலில் இருந்தது. அன்றைக்கு அதை ஒரு தகவலாகக் குறித்துக்கொண்டதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால் திருமுக்கூடல். கூடுவது பெரும்பாலும் மணல்தான். வெள்ளக் காலத்தில் மட்டும் பெயருக்கு நியாயம் செய்யும். அக்கரையில் பழைய சீவரம் குன்று. இக்கரைச் சாலையில் ஜல்லி லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி வேப்பிலை மேலெல்லாம் படிந்திருக்கும்.

சிறுமி தன் நோட்டை எடுத்து வந்தாள். அசந்துபோனேன். முத்து முத்தான எழுத்து. என் குமாஸ்தா எழுத்தைவிட நேர்த்தி. பக்கம் பக்கமாகக் கரும்பலகையில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தாள். சிவப்பு மையில் சரிக்குறி. பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். விரல் வைத்துக் கடகடவென்று ஒப்பித்தாள். விரல் ஒரு சொல்லில் இருந்தது, வாய் மூன்று சொல் தள்ளிப் போயிருந்தது. படத்தைக் கையால் மறைத்தேன். வாய் நின்றது. ஒரு தாளில் "படம்" என்று எழுதிக் காட்டினேன், சொன்னாள். "மடம்" என்று எழுதினேன். தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். விடை அங்கேதான் இருக்கும் என்று அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

தமிழில் எழுதுவது என்ற சொல்லுக்குத் தீட்டுவது என்றும் பொருள் உண்டு. ஓவியம் எழுதுவார்கள், கண்ணுக்கு மை எழுதுவார்கள். அந்த வீட்டில் தாயும் மகளும் அந்தப் பொருளில்தான் எழுதினார்கள். தாய் தன் பெயரைத் தீட்டினார். மகள் கரும்பலகையைத் தீட்டினாள். தாய் போட்டதைக் கையெழுத்து என்றது கோர்ட். மகள் போட்டதற்குச் சரிக்குறி போட்டது பள்ளி.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்ட அட்டவணைக் கணக்கு. அந்த இருவரில் ஒருவர் பதிவேடுகளோடும் கூட்டங்களோடும் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைவார். ஐந்து வகுப்பும் மற்றவர் கையில். செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுதும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தன் வேகத்தில், அட்டை அட்டையாக ஏற வேண்டும் என்ற நல்ல யோசனை அது. ஆனால் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அட்டையைப் பார்த்து எழுதுவதே ஏறுவதாகிவிடும். 247 எழுத்தையும் பார்த்து வரையத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு புதுச் சொல்லைக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் போவது இப்படித்தான்.

வழக்குக்கு வருகிறேன். சட்டம் என் பக்கம் பலமாக இருப்பதாக நினைத்தேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவுதான் மேலாண்மைக் குழுவுக்குத் தாய். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு. வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. கடன் வாங்குவது இந்தப் பட்டியலில் இல்லை. மத்திய அரசின் 2010 விதிகள் இன்னும் கொஞ்சம் சொல்கின்றன. மாதம் ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். நடவடிக்கைகளை முறையாகப் பதிந்து பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். பிள்ளைகளின் உரிமைகளை எளிய, புதுமையான வழிகளில் அக்கம்பக்கத்துக்கு எடுத்துச் சொல்வதும் குழுவின் கடமை. 'பார்க்கக் கிடைக்க வேண்டும்' என்று இருக்கிறது. 'படித்துக் காட்ட வேண்டும்' என்று இல்லை. அந்த இடைவெளியில்தான் என் கட்சிக்காரர் விழுந்திருந்தார்.

"இது என் பத்திரமே அல்ல" என்கிற பழைய வாதத்தைக் கையில் எடுத்தேன். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தரோகுட் என்ற எழுத்தறியாத மனிதருக்கு ஒரு பத்திரத்தைத் தப்பாகப் படித்துக் காட்டி முத்திரை வாங்கிவிட்டார்கள்; அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1968இல் நிங்கவ்வா வழக்கில், ஆவணம் இன்ன வகை என்பதையே மறைத்து ஏமாற்றுவது வேறு, உள்ளே உள்ள விவரத்தில் ஏமாற்றுவது வேறு என்று கோடு கிழித்துக் காட்டியது. முதலாவது தொடக்கத்திலேயே செல்லாது. இரண்டாவது, ஏமாந்தவர் ரத்து செய்யக் கேட்டால்தான் செல்லாது. இதையெல்லாம் கோர்த்து எதிருரை தயாரித்தேன். குமாஸ்தா பக்கங்களைத் திருப்பினார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு நிரூபண வாக்குமூலத்திலும் அப்படியே.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2015 டிசம்பர் 10இல், ராஜ்பாலா வழக்கின் தீர்ப்பு வந்தது. ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு என்று ஹரியானா கொண்டுவந்த சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நல்லது கெட்டதைப் பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் தருகிறது என்ற கருத்து அதில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதன் அச்சுப் பிரதியோடு வந்தார். "எழுதப் படிக்கத் தெரியாது என்றால் தலைவர் பதவியை ஏன் ஏற்க வேண்டும்?" என்றார். மேலாண்மைக் குழுவுக்குச் சட்டம் அப்படி ஒரு தகுதியே வைக்கவில்லை என்றேன். பிள்ளை படிக்கவில்லை என்ற கவலை அதிகம் இருப்பது படிக்காத வீட்டில்தான். அந்த வீட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டால் குழு எதற்கு என்றும் கேட்டேன். இன்றும் அதுதான் என் எண்ணம். ராஜஸ்தான் அதே மாதிரி வைத்திருந்த தகுதியை 2019இல் எடுத்துவிட்டது.

பிறகு குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் குரல் உயர்த்தாதவர். அதுதான் அவரிடம் பயம்.

"கையெழுத்துப் போடத் தெரியும் இல்லையாம்மா?"

"தெரியுங்க."

"மகளிர் குழு லோனுக்குப் போட்டிருக்கீங்க. நூறு நாள் வேலையில போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன்."

"படிக்காமலா போட்டீங்க?"

"படிக்கத் தெரியாதுங்களே. நம்பித்தான் போட்டேன்."

நல்ல பதில் என்று நினைத்து நான் பேனாவை மூடினேன். அவர் மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அது நான் தாக்கல் செய்த நிரூபண வாக்குமூலம்.

"இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இதை உங்களுக்குப் படிச்சுக் காட்டினது யாரு?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவர் மகள் அன்று என் முகத்தைப் பார்த்த அதே பார்வை. பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"யாரும் படிக்கலீங்க. குமாஸ்தா விரல் வெச்ச எடத்துல போட்டேன்."

"அப்ப இதுல இருக்கிறது உங்க சாட்சியமா, உங்க வக்கீலோட சாட்சியமா?"

"நடந்தத அவர்கிட்ட சொன்னேங்க. அவரு எழுதியிருப்பாரு."

எழுதியிருப்பாரு. எழுதினார் என்று சொல்லவில்லை.

"அதே மாதிரிதான் தலைமையாசிரியர் எழுதியிருப்பார்னு நம்பி அந்தத் தீர்மானத்துலயும் போட்டீங்க?"

"ஆமாங்க."

"வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். பென்சிலால் போட்ட பெருக்கல் குறிக்கும் என் குமாஸ்தாவின் விரலுக்கும் என்ன வேறுபாடு? மறு விசாரணையில் கேட்க என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

மதிய இடைவேளையில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் நடந்தேன். அந்த அம்மாவும் கூட வந்தார். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. சுவரைக் காட்டி, "இதுல இன்னா எழுதியிருக்கு சார்?" என்றார்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்தது. இத்தனை வருடம் பக்கத்துக் கோர்ட்டுக்கு வந்து போகிறேன். ஒரு வரி எனக்குப் படிக்க வராது. அந்தக் காலத்து எழுத்து வேறு. அச்சில் யாரோ படித்து எழுதியதை நம்பி நானும் "எழுதியிருக்கும்" என்று பேசுகிறவன்தான். அந்தச் சுவருக்கு முன்னால் நானும் கைநாட்டு.

தெரிந்ததைச் சொன்னேன். ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. வாரியம் என்ற குழுவில் சேர வயது, நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் தகுதி. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வர முடியாது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய மாமன் மச்சான் வகையறாவும் வர முடியாது. இதைக் கேட்டு அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "நல்ல சட்டந்தான்" என்றார். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்றேன். அந்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு கூடியிருப்பவர் காதில் விழ உரக்கப் படிக்க வேண்டும்.

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அங்கேயும் படிக்கத் தெரியாத பிள்ளைதான் ஓலையை எடுத்து வந்தது. அதன் அறியாமையே சூதுக்குக் காவல், ஏனென்றால் அடுத்த கணமே நாலு பேர் முன்னிலையில் ஓலையை வாய்விட்டுப் படித்துவிடுவார்கள். இங்கேயும் படிக்கத் தெரியாத பிள்ளைதான் புத்தகப் பையில் தீர்மானத்தை எடுத்து வந்தது. உரக்கப் படிக்கும் சடங்கு மட்டும் விட்டுப்போயிற்று.

பழம்பெருமை பேசவில்லை. அந்தச் சபையின் நிழலில்கூட இந்த அம்மாவை நிற்க விட்டிருக்க மாட்டார்கள். அவர் ஊருக்கு அருகே திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரிலும் ஒரு பெரிய கல்வெட்டு உண்டு. 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டியது. ஜனநாத மண்டபத்தில் நடந்த பள்ளி, அதன் மாணவர் விடுதி, 15 படுக்கை கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலை ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு அதில் இருக்கிறது. வேதத்துக்கு எத்தனை மாணவர், இலக்கணத்துக்கு எத்தனை பேர், வைத்தியருக்கு எவ்வளவு நெல், பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் எவ்வளவு என்பது வரை கல்லில் கணக்கு. பள்ளிக்கூடக் கணக்கை ஊர் நடுவில் வெட்டி வைத்தது பெரிய காரியம். ஆனால் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது கணக்கு, மற்றவருக்குக் கல். இந்த அம்மா சாமி கும்பிட்டு அந்தச் சுவரைச் சுற்றி வருகிறவர்தான்.

தீர்ப்பு வந்தது. இரண்டாம் பிரதிவாதி மீதான வழக்கு தள்ளுபடி. வென்றோம், ஆனால் நான் வாதாடிய வாதத்தால் இல்லை. சட்டம் அமைத்த குழுவின் தலைவராகத்தான் கையெழுத்திட்டார், தனிப்பட்ட முறையில் கடனை ஏற்கவில்லை என்பது காரணம். படித்துக் காட்டவில்லை என்ற என் பெரிய வாதம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி இரண்டு வரியில் ஒதுக்கினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்தோடு போய், படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று கேட்டவன் நான். தலைமையாசிரியரும் கடைக்காரரும் தனியே பேசிச் சமரசமானார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் பெருகியிருக்கின்றன. 2022இல் தமிழ்நாடெங்கும் மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளையை அரும்பு, மொட்டு, மலர் என்று அதன் நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. என்ன வகுப்பு என்று கேட்காமல் என்ன படிக்க வருகிறது என்று கேட்பது சரியான கேள்வி. எந்தத் திட்டமானாலும் எனக்கு ஒரே சோதனைதான். பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கேட்கிறாரா? தீர்மானத்தைக் கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கிறாரா? இரண்டும் ஒரே வேலை. இரண்டுக்கும் செலவில்லை, நேரம் மட்டும் பிடிக்கும். அதனால்தான் இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

தீர்ப்பு நகலுக்கு மனுப் போட அந்த அம்மா இன்னொரு முறை வந்தார். பள்ளி எப்படி இருக்கிறது என்றேன். "இப்பல்லாம் நோட்டு வூட்டுக்கு வர்றதில்லீங்க. நான்தான் அங்க போறேன். படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுதான் போடறேன்" என்றார். பொண்ணு? "எழுத்துக் கூட்டுது. மெதுவா." புதிதாக வந்த டீச்சர் மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாராம்.

குமாஸ்தா பழக்க தோஷத்தில் மனுவில் விரலை வைத்தார். அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு போடாமல் இருந்தார்.

"படிங்க சார்."

படித்தேன். கோர்ட்டுத் தமிழ் என் வாயிலிருந்து எனக்கே அந்நியமாக விழுந்தது. "ஷை வழக்கில் ஷை 2ஆம் பிரதிவாதியாகிய ஷையார்..." என்று போய்க்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஷை ஷைன்னு வருதே, அது யாரு சார்?"

மேற்படி என்பதற்கான சுருக்கம் அது. ஒருமுறை சொன்ன பெயரைத் திரும்ப எழுதாமல் இருக்க எங்கள் தொழிலில் போடுகிற குறி.

"நீங்கதாம்மா."

கொஞ்சம் யோசித்தார். பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அப்ப எம் பேரையே எழுதிடுங்க சார். அது ஒண்ணுதான் எனக்குப் படிக்க வரும்."